திருநாள் தந்த விடுமுறை

விடுமுறையைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'ஹாலிடே' என்ற சொல் 'புனித நாள்' என்ற பொருளில் பிறந்தது என்பதை வாசகர் பலரும் அறிவர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்பது பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. இடைக்காலத்தில் அங்குள்ள ஊர்மக்கள் தங்கள் பங்குக் கோயிலின் திருநாளுக்கு முந்திய இரவில் கண்விழித்து மன்றாடுவர். கண்விழிப்பு என்னும் பொருளில் அத்திருநாளுக்கு 'வேக்' என்று பெயர் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அந்நாடு திருச்சபையை விட்டுப் பிரிந்த பின் விழிப்பு மறைந்தது. பெயரும் கொண்டாட்டமும் மட்டும் எஞ்சின. ஆலைகள் பெருகிய காலத்தில், 'வேக்ஸ் வாரம்' வந்தால் தொழிலாளர் வேலைக்கு வரமாட்டார்கள் என்று கண்ட முதலாளிகள், ஆலையையே அந்த வாரத்தில் மூடிவிட்டனர். 1846இல் பிளாக்பூல் என்ற கடலோர ஊருக்கு இருப்புப்பாதை வந்தது. ஆண்டு முழுவதும் காசு காசாகச் சேர்த்து வைத்த ஆலைக் குடும்பங்கள் திருநாள் வாரத்தில் அங்கே சென்று இறங்கின. அவ்விடுமுறைக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சட்டம் 1938இல்தான் இயற்றப்பட்டது. மணல் வீடு கட்டியதையும் கழுதைமேல் சவாரி செய்ததையும் அந்நாட்டு முதியோர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர்.

இதை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. குமரி மாவட்டத்தின் உள்நாட்டு ஊர்களில் பிறந்து, 1960களில் சிறுவராக இருந்த எங்களுக்கும் கடற்கரை விடுமுறையைத் தந்தது கோயில் திருநாள்தான். 'சுற்றுலா' என்ற சொல்லே எங்கள் வீடுகளில் புழங்காத காலம் அது. நாங்கள் எந்த விடுதியிலும் தங்கியதில்லை. எவருக்கும் வாடகை தந்ததுமில்லை. எங்களுக்கு உண்ண உணவும் உறங்கப் பாயும் தந்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை நம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் ஊர்கள். இவற்றில் பெரும்பாலானவை கோட்டாறு மறைமாவட்டத்தையும், மேற்கே தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தையும் சார்ந்தவை. கரையிலிருந்து சில மைல் உள்ளே வந்தால் உலகமே வேறு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரும் பழங்குளங்களும் காத்துவந்த நாஞ்சில் வயல்கள் ஒருபுறம். பனையும் மரச்சீனியும் வாழையும் தென்னையும் நின்ற மேட்டு நிலங்கள் மறுபுறம். இரண்டு உலகங்களுக்கும் இடையே பெண்வழிப் போக்குவரத்து மிகக் குறைவு. ஒரே பீடத்தில் நற்கருணை உண்டோம்; ஆனால் ஒரே பந்தியில் அமர்வது அரிது. அக்காலத்தில் இவ்விரு உலகங்களையும் அன்றாடம் இணைத்தவர், தலையில் கடவம் சுமந்து வந்த மீன்காரப் பெண்மணி ஒருவரே எனலாம்.

அவர் வெயில் ஏறுமுன் வருவார். சாளையும் நெத்தலியும் அயிலையும் கொண்டுவந்து, காசு இருந்தால் காசு, இல்லையேல் நெல்லோ தேங்காயோ மரச்சீனிக் கிழங்கோ பெற்றுச் செல்வார். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு ஒரே குடும்பத்துப் பெண்கள் மீன் கொண்டுவந்ததும் உண்டு. எங்கள் வீட்டுப் பிறப்பும் இறப்பும் அவருக்குத் தெரியும். அவருடைய ஊரில் கொடியேறும் நாள் நெருங்கும்போது கடவத்தை இறக்கி வைத்துவிட்டு எங்கள் தாயிடம், "திருநாளுக்குப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்துரணும் மக்கா" என்பார். அச்சிட்ட அழைப்பிதழைவிட எங்களுக்கு அது பெரிது.

சித்திரை, வைகாசி மாதங்களில் திருநாள் வரும் ஊரென்றால் பள்ளி விடுமுறையும் கூடிவரும். வாழைக்குலை, பலாச்சக்கை, கருப்பட்டிச் சிப்பம் என்று வெறுங்கையோடு போகலாகாத பொருள்களைச் சுமந்துகொண்டு புறப்படுவோம். ஓரளவுக்குப் பேருந்து, மீதி நடை. வழியில் பனையடியில் அக்கானி குடிப்பதுண்டு. தரை செம்மண்ணிலிருந்து வெண்மணலாக மாறும் இடத்தில் காற்றின் மணமும் மாறும். கடலைக் காணுமுன்னே அதன் ஒலி கேட்கும். பிறகு தென்னைகளுக்கு மேலே கோயில் கோபுரம் தெரியும்.

திருநாளின் சடங்குகளை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கொடியேற்றம், நவநாள், சப்பரப் பவனி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் நாடகம் ஆகியவை எல்லாப் பங்குகளிலும் உள்ளவையே. எங்களை மயக்கியது கோயிலுக்கு முன்னால் கிடந்த கரை. அன்று கரை அகலமானது. கட்டுமரங்களைக் கடல் தொடாத உயரத்தில் ஏற்றி வைத்து, வலைகளைக் காயவிட்டு, கருவாடு பரப்பி, அதற்கும் அப்பால் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் கிடந்தது.

அந்தக் கரையில் நாங்கள் கண்ட பெருங்காட்சி கரைமடி. நீண்ட கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டு, வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வில்போல் வளைத்துப் போட்டு, மறுநுனியைத் தொலைவில் கரைசேர்ப்பர். பின்பு இரண்டு வரிசையாக நின்று இழுப்பர். இழுக்க இழுக்க வரிசைகள் ஒன்றையொன்று நெருங்கிவரும். அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால்கள் மணலில் புதையும். கயிற்றைப் பிடிக்க யார் வந்தாலும் தடையில்லை. முதியோரும் சிறுவரும்கூடப் பிடிக்கலாம். மடி கரையேறியதும் பிடித்த கைக்கு ஒரு பிடி மீன் உண்டு. நாங்கள் பிடித்தது விளையாட்டுக்கு. கூட நின்ற அவ்வூர்ப் பிள்ளைகள் பிடித்ததோ வீட்டு அடுப்புக்கு. சிறுவர் கண்ணுக்கு இவ்வேறுபாடு தெரிய நியாயமில்லை. இரவில் மரச்சீனிக் கிழங்கும் புளிமுளமும் ஒரே சட்டியிலிருந்துதான் எல்லாருக்கும் பரிமாறப்பட்டன.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக மணல் படிந்திருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் நிறம் காட்டுவது மோனசைட். இவை கனமானவை. ஆதலால் அலை இலேசான வெண்மணலை இழுத்துச் செல்ல, இவை பின்தங்கிப் படிகின்றன. குமரித்தாயின் திருமணத்துக்கென வைத்திருந்த அரிசியே மணலாயிற்று என்ற கதையைக் கேட்டவாறு அதைக் காகிதத்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். 1909ஆம் ஆண்டளவில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்து, அது மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து வந்தது என்று தேடிப் பிடித்தார். மோனசைட்டிலிருந்து எடுக்கப்படும் தோரியம் இன்றி அக்கால வாயு விளக்குகளின் வலைத்திரி வெண்ணொளி தராது. ஆகவே ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் எரிந்த விளக்குகளில் நம் கரையின் மணலுக்கும் பங்குண்டு. திருநாள் பவனியில் எங்கள் முன்னே சென்ற பெட்ரோமாக்ஸின் திரியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் தொழில் இன்றளவும் நடைபெறுகிறது. மணல் அள்ளுவதால் கரை தேய்கிறது என்று கடலோர மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர்.

விருந்தினரின் நினைவில் கடல் எப்போதும் சித்திரை மாதத்துக் கடலாகவே நிற்கும். அவ்வூரார் அறிந்த கடல் வேறு. 1544 ஜூன் 16ஆம் நாள் புனித சவேரியார் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடல் ஒன்று உண்டு. வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். இருபது தோணிகளோடு புறப்பட்ட புனிதர் எதிர்காற்றை வெல்ல முடியாமல் திரும்ப நேர்ந்தது. ஜூன் என்பது ஆனி மாதத்தை ஒட்டியது. மேற்குக் கடல் கொந்தளிக்கும் பருவம் இன்றும் அதுவே. அவ்வாண்டின் இறுதியில் அவர் இக்கரை வழியே நடந்து ஒரு மாதத்துக்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமானோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக எழுதியுள்ளதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். எதிர்காற்றில் திரும்பிய தோணிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடலில் இறங்க முடியாத ஆனி, ஆடி நாள்களில் கடலோர வீடுகளில் கடன் ஏறும். திருநாள் சமயத்தில் எங்களுக்குப் படைத்த விருந்தில் அந்தக் கடனும் கலந்திருக்கக்கூடும். கோயில் செலவும் வானத்திலிருந்து விழவில்லை. பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது பல ஊர்களின் வழக்கம். அதைத் திரட்டும் உரிமை ஏலம் விடப்படுவதால் 'குத்தகை' என்று பெயர். அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். வாணவேடிக்கையும் மேளமும் நாடகமும் அந்தப் பங்கில்தான் நடந்தன.

எங்களை அழைத்த அப்பெண்மணியின் பாதையும் நாங்கள் விடுமுறைக்குச் சென்ற பாதையும் ஒன்றே. நாங்கள் ஆண்டுக்கொரு முறை இறங்கிய பாதையில் அவர் அன்றாடம் ஏறி வந்தார். எங்களுக்குப் பேருந்து நின்றது. மீன் கடவத்துக்கு அது பெரும்பாலும் நிற்பதில்லை. அது பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சி தமிழகம் எங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டனர். அக்காட்சியைக் கண்டபோது எங்கள் வயதொத்த பலருக்கும், திண்ணையோரம் கடவத்தை இறக்கிவைத்து அழைப்புச் சொன்ன முகங்களே நினைவுக்கு வந்திருக்கும்.

பின்னர் காலம் விரைந்தது. 1970இல் விவேகானந்தர் பாறை மண்டபம் எழுந்தது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கும், 1981இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. பிளாக்பூலுக்கு இரயில் வந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் கடலுக்கும் இரயில் வந்தது! முட்டம் பாறைகளை 'அலைகள் ஓய்வதில்லை' திரைப்படம் 1981இல் தமிழகத்துக்கெல்லாம் காட்டியது. பாறையைத் தேடி வந்தவர் பலர்; ஊரைத் தேடி வந்தவர் சிலரே. கட்டுமரங்களுக்கு இயந்திரம் பூட்டப்பட்டதும், முட்டத்தில் பெல்ஜியத் துறவி பியர் ழில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கியதும் இதே காலத்தில்தான். உள்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சி வந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தது. மீன் சந்தையிலிருந்தும் இருசக்கர வண்டியிலிருந்தும் வீடு வந்து சேர்ந்தது. கடவம் மறையவில்லை, ஆனால் திண்ணையில் அமர்ந்து பேசும் நேரம் குறைந்தது. அழைப்பும் நின்றது.

கரையும் நிற்கவில்லை. ஆனி, ஆடியில் கடல் எடுக்கும் மணலை ஆவணிக்குப் பின் கடலே திருப்பித் தரும் என்பது முன்னோர் கண்ட முறை. அம்முறை இன்று பல ஊர்களில் குலைந்துவிட்டது. ஊரைக் காக்க மலைக்கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. தூண்டில் வளைவுகள் நீட்டப்பட்டன. சுவர் வேண்டுமென்று போராடியவர்களும் அம்மக்களே என்பதை மறக்கலாகாது. வீடு இடியும்போது வேறு வழி ஏது? ஆயினும் ஓரிடத்தில் கல் போட்டால் பக்கத்து ஊரில் மணல் அரிக்கிறது. கற்குவியல் மேல் கரைமடி இழுக்க இயலாது. பல ஊர்களில் அத்தொழிலோடு அம்பாப் பாட்டும் ஒழிந்தது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை. ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களை வாரிச் சென்றது. மணக்குடிப் பாலம் துண்டுதுண்டாகப் பெயர்ந்தது. குளச்சல் பகுதியில் கரைக்கு இணையாக ஓடும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், 1860இல் திருவனந்தபுரத்தையும் குமரியையும் படகு வழியால் இணைக்கத் தொடங்கப்பட்டு, குமரியை எட்டாமலே நின்றுவிட்ட கால்வாய். ஓடித் தப்ப முயன்ற பலருக்கு அதுவே மரணக் குழியாயிற்று. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கிப் புயல் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களைக் கொண்டுபோனது. அப்போது கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3ஆம் நாள் சவேரியார் திருநாள். வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் பெண்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்தனர்.

ஆங்கிலேயரின் கடற்கரை நினைவுகள் நூல்களாகவும் ஒளிப்படங்களாகவும் காக்கப்பட்டுள்ளன. நம் கடலோர ஊர்களின் பழைய கரையைப் படமெடுத்து வைத்தவர் மிகச் சிலரே. கரை எவ்வளவு அகலமாக இருந்தது, கரைமடிக்கு எந்த இடம் எந்தக் குடும்பத்தின் முறை, வெளியூர் விருந்தினர் எந்த வீடுகளில் தங்கினர் என்பவை முதியோர் நினைவில்தான் உள்ளன. பங்குகளின் திருவிழாக் கணக்கேடுகள் கரையான் அரிக்காமல் இருந்தால் அவற்றிலும் சில செய்தி கிடைக்கும். மாலை வேளையில் தடுப்புச் சுவர்மீது அமர்ந்திருக்கும் முதியவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டுவார். பழைய குருசடி அங்கே நின்றது. மரங்களை ஏற்றி வைத்தது அதற்கும் கீழே. கோயில் நாடகத்துக்கு மேடை போட்டது இன்னும் மேற்கே, இரண்டு தென்னைகளுக்கு நடுவில் என்பார். அவர் காட்டும் திசையில் இப்போது இருப்பது அலை. தென்னை நின்ற இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும்.