தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும்

ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய மையத்துக்கு 1970-களில் சோவியத் கலாச்சார மையம் என்று பெயர். சினிமா பார்க்கவும் நூலகத்தைப் பயன்படுத்தவும் வந்தவர்களைத் தவிர, செஸ் பலகைக்காகவே வந்த ஒரு கூட்டமும் அங்கே உண்டு. மிகயீல் தால் செஸ் கிளப் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். உலக சாம்பியனாக இருந்த, துணிந்து காய்களைப் பலிகொடுத்து ஆடுவதில் பேர்போன லாட்வியக்காரரின் பெயரை மெட்ராஸ்காரர்கள் சூட்டிக்கொண்டார்கள்.

கிளப்பில் பிளிட்ஸ் ஆட்டங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் ஆட்டம் என்றாலும், வரிசையில் பத்துப் பேர் நின்றால் மறுபடி பலகையைத் தொட வெகுநேரம் ஆகும். அதுவரை அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்; எங்கே கோட்டை விட்டோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். பலகைகளும் கடிகாரங்களும் குறைவாக இருந்த காலத்தில், எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்க இதைவிட எளிய வழி இல்லை. அந்த ஏற்பாடே பயிற்சி முறையாகவும் அமைந்துபோனது.

கிளப் தொடங்கிய ஆண்டு 1972. ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷர் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கியை வீழ்த்தி உலகத்தையே செஸ் பக்கம் திரும்ப வைத்த அதே ஆண்டு. இங்கே கிளப்பை நிறுவியவர் மானுவேல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆள்.

ஆரோனின் ஆட்ட வாழ்க்கையில் இரண்டு பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 1960-ல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயையே தோற்கடித்தார். 1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்சோனல் தகுதிப் போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் வென்றார். ஆனால் அதே போட்டியில் 22 ஆட்டங்களில் 4 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தார். அன்றைக்கு நன்றாக அமைந்தால் யாரையும் சாய்க்கலாம், மறுநாள் யாரிடமும் விழலாம் என்ற நிலை. ஓப்பனிங் படிப்பும் சக ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் இல்லாத ஒரு நாட்டிலிருந்து தனியாகப் போன திறமைக்கு அதுதான் எல்லை.

சோவியத் நாட்டில் இதே சங்கதி வேறு மாதிரி நடந்தது. அங்கே மிகயீல் போட்வின்னிக் பயிற்சியையே ஓர் அறிவியலாக்கியிருந்தார். ஒவ்வோர் ஆட்டக்காரரும் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து எழுத வேண்டும், அதை அச்சிலும் வெளியிட வேண்டும் என்பது அவர் கட்சி. தவறு நாலு பேர் கண்ணில் படும் என்று தெரிந்தால் மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டான் அல்லவா? சிகரெட் புகை அவருக்கு ஆகாது. அதனால் நண்பர் ரகோசினோடு பயிற்சி ஆட்டம் ஆடும்போது முகத்துக்கு நேரே புகை விடச் சொல்வார். எது தன்னைத் தடுமாற வைக்கிறதோ அதையே பயிற்சிக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும் புத்தி அது.

அந்த மரபின் ஒரு கிளை கஸ்தூரி ரங்கா சாலைக்கு வந்து சேர்ந்தது. அதோடு, ஆட்டம் முடிந்த கையோடு இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே திசை மாறியது என்று அலசும் 'போஸ்ட்மார்ட்டம்' வழக்கமும் மெட்ராஸ் ஆட்டக்காரர்களிடம் ஊறியது. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே பலகையின் மேல் குனிந்து வாதாடுவார்கள். வேடிக்கை பார்ப்பவரும் வாய் வைப்பார். ஆரோன் தன் பங்குக்குச் சென்னையிலிருந்து 'செஸ் மேட்' இதழையும் நடத்தினார்.

இந்த வரிசையில் வந்து நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் ஆடக் கற்றுக்கொண்டு தால் கிளப்புக்கு வந்தார். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவுக்குப் போனது. அங்கே பகல் நேரத் தொலைக்காட்சியில் தினமும் ஒரு செஸ் நிகழ்ச்சி. முடிவில் ஒரு புதிர். பையன் பள்ளியில் இருக்கும் நேரம் என்பதால் அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் குறித்து வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு, புத்தகம். திரும்பத் திரும்ப ஆனந்தே ஜெயித்ததால், வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் பேட்டிகளில் சொல்லும் கதை இது.

மெட்ராஸ் திரும்பியபின் மறுபடி தால் கிளப், மறுபடி வரிசை. 1983-ல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 1984-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். எதிராளி அரைமணி நேரம் யோசிக்கும் இடத்தில் அவர் ஒரு நிமிடத்தில் காயை நகர்த்திவிட்டு எழுந்து உலாத்தப் போய்விடுவார். மின்னல் பையன் என்று உலகம் கொண்டாடிய இந்த வேகத்துக்கு பிளிட்ஸ் ஆட்டங்கள் உரம் போட்டன. ஆனால் அவசரமே அவருடைய பலவீனமும் ஆனது. உச்சிக்குப் போக அவர் நிதானத்தைத் தனியாகக் கற்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பயிற்சியாளர்களோடு ஓப்பனிங்குகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்ததும், கணினித் தரவுத்தளங்களைத் தொடக்க காலத்திலேயே கையில் எடுத்ததும் அந்தக் கட்டத்தில்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நிறைய ஆடினால் ஆட்டம் மேம்படுமா? இந்தக் கேள்வியை உளவியல் ஆய்வாளர்கள் பலமுறை கையில் எடுத்தார்கள். அவர்களுக்குச் செஸ் வசதியான சோதனைக்கூடம், ஏனென்றால் திறமைக்கு ரேட்டிங் என்ற எண்ணே இருக்கிறது. டச்சுக்காரரான அட்ரியான் டி ஹ்ரோட் 1940-களில் தொடங்கி வைத்ததை, 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் தொடர்ந்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டி மூடினால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் அடுக்கிவிடுகிறார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய காணாமல் போகிறது. ஆக, அது பிறவி ஞாபகசக்தி இல்லை. படித்துச் சேர்த்த வடிவங்கள்.

பிறகு ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993-ல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து, குறைகளைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். அந்த அளவுகோலை நீல் சார்னெஸ் குழுவினர் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தனர். 2005-ல் வந்த அவர்களுடைய ஆய்வின்படி, ரேட்டிங்கை மிகத் துல்லியமாக முன்னறிவித்தது போட்டிகளின் எண்ணிக்கை இல்லை, தனியாக உட்கார்ந்து படித்த நேரம். கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 5,000 மணி நேரம் தனியே படித்திருந்தார்கள். நடுத்தர ஆட்டக்காரர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

சென்னையின் அடுத்த தலைமுறைப் பயிற்சியாளர்கள் இந்த முடிவுக்குத் தங்கள் அனுபவத்தின் வழியே வந்தார்கள். ஆர்.பி. ரமேஷ் அவர்களில் முக்கியமானவர். 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன், பிறகு கிராண்ட்மாஸ்டர், இந்தியன் ஆயிலில் நிலையான உத்தியோகம். 2008-ல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியாளரானார். உலக இளையோர் பட்டம் வென்ற மனைவி ஆர்த்தி ராமசுவாமியுடன் சேர்ந்து 'செஸ் குருகுல்' என்ற பள்ளியைத் தொடங்கினார். கணக்கிடும் திறன் பற்றி அவர் எழுதிய தடிமனான ஆங்கிலப் புத்தகம் 2022-ல் வெளிவந்தது. காயைத் தொடாமல், மனசுக்குள்ளேயே நகர்த்தி, கடைசி வரை பார்த்துவிட்டு விடை சொல்ல வேண்டும் என்பது அவர் பயிற்சியின் அடிநாதம்.

அந்த வகைப் புதிர் எப்படி இருக்கும்? ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் அமைத்த புகழ்பெற்ற ஒன்றைப் பார்க்கலாம். பலகையில் நாலே காய்கள். வெள்ளை ராஜா மேல் மூலையில், எச்8-ல். அவருடைய ஒரே சிப்பாய் சி6-ல். கறுப்பு ராஜா அந்தச் சிப்பாய்க்குப் பக்கத்தில், ஏ6-ல். கறுப்புச் சிப்பாய் எச்5-லிருந்து ராணியாகக் கீழே இறங்கத் தயார். வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். கறுப்புச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு அடி போதாது. சொந்தச் சிப்பாயைக் காப்பாற்றவும் எட்டவில்லை. புதிதாகப் பார்க்கும் பிள்ளை, ஆட்டம் போச்சு என்று சொல்லிவிடும்.

விடை, மூலைவிட்டமாக நடப்பது. ஜி7, எஃப்6, இ5 என்று மூன்று அடி. ஒவ்வோர் அடியும் இரண்டு பக்கமும் நெருங்குகிறது. நடுவில் கறுப்பு ராஜா பி6-க்கு வந்து வெள்ளைச் சிப்பாயைத் தின்னப் போனால், அதற்கு ஆகும் நேரத்தில் வெள்ளை ராஜா எஃப்4, ஜி3 வழியே எதிரிச் சிப்பாயை மடக்கிவிடுவார். தின்னாமல் கறுப்பு தன் சிப்பாயையே ஓட்டினால், வெள்ளை ராஜா டி6-க்குத் தாவித் தன் சிப்பாயைக் கரை சேர்ப்பார். இரு தரப்புக்கும் ராணி, ஆட்டம் டிரா. பதில் ஐந்தாறு நகர்த்தல்தான். ஆனால் எதிராளியின் ஒவ்வொரு மாற்று வழியையும் தலைக்குள்ளேயே பார்த்து முடித்தால்தான் விடை தெரிந்ததாகக் கணக்கு. பாதியில் ஊகித்துச் சொன்னால் திரும்ப முதலிலிருந்து.

ரமேஷிடம் படித்தவர்களில் சென்னை பாடியைச் சேர்ந்த பிரக்ஞானந்தா 2016-ல், 10 வயதில், அப்போதைய உலகின் மிக இளைய இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார், 2018-ல் கிராண்ட்மாஸ்டர். அக்கா வைஷாலியும் பின்னால் அந்தப் பட்டத்தைப் பெற, உலகின் முதல் கிராண்ட்மாஸ்டர் அக்கா-தம்பி என்ற பெருமை அந்த வீட்டுக்கு வந்தது. அம்மா நாகலட்சுமி போட்டி நடக்கும் வெளிநாடுகளுக்கெல்லாம் மின்னடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய் ரசம் சாதம் செய்து கொடுத்ததை நாடே அறியும். மணிலாவில் புதிர் குறித்து வைத்த அம்மாவுக்கும் இவருக்கும் நடுவே நாற்பது வருடம்.

இதற்குள் கணினி எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. கைப்பேசியில் இருக்கும் செஸ் எஞ்சின் உலக சாம்பியனைவிட நன்றாக ஆடும். ஒரு பொத்தானை அழுத்தினால் சரியான நகர்த்தல் திரையில் வந்துவிடும்; போஸ்ட்மார்ட்டத்துக்கு எதிரே ஆளே வேண்டாம். இந்த இடத்தில்தான் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா எதிர்த்திசையில் போனார். தன்னிடம் வந்த டி. குகேஷ் என்ற சிறுவன் 2,500 ரேட்டிங்கைத் தாண்டும் வரை எஞ்சினைத் தொடவே கூடாது என்று வைத்தார். நிலையைத் தானே எடைபோட வேண்டும், தவறையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். உலகமே இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த காலத்தில் இதைப் பலர் விஷப்பரீட்சை என்றுதான் நினைத்திருப்பார்கள். குகேஷ் 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

தால் கிளப்பில் தோற்றவரை எழுப்பியது வரிசை. குருகுலத்தில் கையைக் கட்டிப்போட்டது புதிர். விஷ்ணு பிரசன்னா பூட்டி வைத்தது கணினியை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சுலபமாகக் கிடைத்த ஒன்றைத் தள்ளி வைத்துத்தான் முன்னேறியிருக்கிறது. இன்று இந்திய கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள்.

பயிற்சி மட்டுமே போதும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பெர்னாண்ட் கோபேயும் கியெர்மோ காம்பிடெல்லியும் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது; இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல் ஆனது. அதே புதிரை, அதே ஆசிரியரிடம், அதே மணி நேரம் படித்த எத்தனையோ பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்ததும் பலகையை மடித்துப் பரணில் போட்டிருக்கிறார்கள்.

2013 நவம்பரில் அண்ணா சாலை ஹயாட் ரீஜன்சி ஓட்டலில் ஆனந்த் தன் உலகப் பட்டத்தை மாக்னஸ் கார்ல்சனிடம் இழந்தபோது, பார்வையாளர் பகுதியில் ஏழு வயது குகேஷும் இருந்தார். அந்த வருடம்தான் அவர் செஸ் பழக ஆரம்பித்திருந்தார். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காகச் சீனாவின் டிங் லிரெனுக்கு எதிராக அவருக்குப் பதினான்காவது, கடைசி ஆட்டம். புள்ளிகள் சமம். இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். டிரா ஆகிவிடும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்த நகர்த்தலில் பிஷப்பையும் மாற்றிக்கொள்ளக் கொடுத்தார். மிச்சம் இருந்தவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. முடிவு வரை மனசுக்குள்ளேயே எண்ணிவிடக்கூடிய நிலை. 58-வது நகர்த்தலில் டிங் கை கொடுத்தார். 7.5-க்கு 6.5; பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.