கண்ணாடிப் பெட்டியும் கடற்பாசியும்



பனிமூட்டத்துக்கு நடுவே, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமக்குக் கடற்பாசியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். விருந்துக்குக் காய்ச்சி வார்க்கும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து கிடைப்பது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். வேறு சில கடற்பாசிகளோ, கண்ணாடித் தொட்டிக்குள் பவள உயிர்களையும் மீன்களையும் காத்து நிற்கின்றன. அந்த வரலாறு நம் தோட்ட வரலாற்றோடு ஓரிடத்தில் கைகோக்கிறது. அதை இன்று காண்போம்.

1829ஆம் ஆண்டில் லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோடு புட்டியில் இட்டு மூடிவைத்தார். புட்டிக்குள் பெரணியும் புல்லும் முளைத்தன. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடியும் மண்ணுக்கே வடிந்தது. அதனால் செடி வாடவில்லை. இதைக் கண்ட வார்டு, கண்ணாடி பதித்த பெட்டிகளைச் செய்வித்தார். கப்பலின் உப்புக் காற்றில் பட்டுப்போய்க்கொண்டிருந்த கன்றுகள், அப்பெட்டிகளுக்குள் உயிரோடு கடல் கடந்தன.

1848 முதல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்கு அனுப்பியது இத்தகைய பெட்டிகளில்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,900க்கு மேற்பட்ட ரப்பர் கன்றுகள் இலங்கைக்குச் சென்றதும் இப்படித்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில நம் நாட்டின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. நம் பாட்டன்மாரில் எத்தனையோ பேரைக் கப்பலேற்றியவை பால்மரமும் தேயிலையும்தானே! ஆகவே, அந்தக் கண்ணாடிப் பெட்டி நமக்கு அந்நியமானதன்று.

செடி பெட்டிக்குள் வாழ்ந்தது. கடல் உயிர் வாழுமா? 1846இல் அன்னா தைன் என்ற சீமாட்டி, டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். தேங்கிய நீரில் அவை பிழைக்க வேண்டுமே! ஆகவே, திறந்த சன்னல் அருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றும் வேலை ஒரு பணிப்பெண்ணுக்கு இடப்பட்டது. நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் அவள் கைகள் ஓயவில்லை. சீமாட்டியின் பெயரை நூல்கள் சொல்கின்றன. நீரை ஊற்றியவள் வெறும் பணிப்பெண்ணாகவே நின்றுவிட்டாள். தோட்டத்து மக்களாகிய நமக்கு அவள் நிலை புரியும்.

1847இல் அந்தச் சீமாட்டி கடற்பாசியையும் நீரில் சேர்த்தார். ஒளி பட்டதும் பாசி பிராணவாயுவை விட்டது. பணிப்பெண்ணின் வேலையில் பாசியும் பங்கு கொண்டது! 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உதவிய ஃபிலிப் ஹென்றி காஸ், பாசியும் பிராணியும் ஒன்றுக்கொன்று துணை என்பதை மறு ஆண்டே நூலாக எழுதினார்.

காலப்போக்கில் பம்பும் வடிகட்டியும் வந்தன. பாசி வெறும் களையாகச் சுரண்டி எறியப்பட்டது. மீன்கள் ஒருவாறு பிழைத்தன. பவளங்கள் பிழைப்பதோ அரிதாயிற்று. ஏன்? வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிவின் நஞ்சை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆனால் அந்த நைட்ரேட்டு நீரிலேயே தங்கிவிடுகிறது.

1961இல் நம் அண்டை நாட்டு ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைகளையும் சூரிய ஒளியையும் துணைகொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை வெளியிட்டார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பாசி வளரும் தட்டுகளால் நீரைத் தூய்மை செய்தார். அவருடைய பவளத் தொட்டி 1980இல் வாஷிங்டனில் காட்சிக்கு வந்தது. 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறந்த 25 லட்சம் லிட்டர் தொட்டியும் இம்முறையையே நம்பித் தொடங்கியது.

இதன் நுட்பம் தேயிலை பறிப்போருக்கு எளிதில் விளங்கும். நாம் கூடை கூடையாய்க் கொழுந்து பறிக்கும்போது மண்ணின் சத்தும் கூடையோடு போகிறது. அதனால்தான் உரம் இடுகிறோம். தொட்டியிலோ சத்து மிகுந்து கிடக்கிறது. அதுவே அங்கே குறை. பெரிய தொட்டியின் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, நூற்கண்டு போன்ற கீட்டோமார்ஃபா பாசியை அதில் வளர்க்கிறார்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு அது பெருகும். பெருகியதை அவ்வப்போது அள்ளி வெளியேற்றினால் மிகுந்த சத்தும் அதனோடு வெளியேறும். அள்ளாமல் விட்டால் பாசி அழுகி, உண்டதை நீருக்கே திருப்பிக் கொடுக்கும். இந்தப் பாசிக்கு இரவில் விளக்கு எரிய விடுபவர்களும் உண்டு. பெரிய தொட்டி இருண்டு பிராணவாயு குறையும் நேரத்தில், சிறு தொட்டி அதை ஈடுசெய்யும்.

ஆயினும் இடம் மாறினால் நன்மையே கேடாகும். காலர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பாசி, காட்சித் தொட்டிகளில் அழகாக வளர்ந்தது. 1984இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்தின் கீழே, மத்தியதரைக் கடலில் அது காணப்பட்டது. பின்னர் பல நாடுகளின் கரையோரக் கடலடியில் படர்ந்தது. 2000இல் கலிபோர்னியாவிலும் தலைகாட்டியது. அதை அடியோடு ஒழிக்க அங்கே ஆறு ஆண்டுகள் பிடித்தன. ஆற்றையும் குளத்தையும் மூடும் ஆகாயத்தாமரையைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

பெற்றோர்களே! பிள்ளைகள் இதை வீட்டிலேயே கண்டறியலாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஓடைநீர் நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் நீர்ச்செடி இடுங்கள். இரண்டையும் சன்னலோரம் வையுங்கள். வெயில் பட்டதும் செடியிலிருந்து குமிழிகள் எழுவதைப் பிள்ளைகளே காண்பார்கள். முடிந்ததும் செடியை ஓடையில் வீசாமல், எருக்குழியில் போடச் சொல்லுங்கள்.

ஏனெனில், நம் மலையின் ஓடைகள் கடைசியில் கடலைத்தான் சேர்கின்றன. சரிவில் அளவுக்கு மீறி இட்ட உரமும் மழையில் கரைந்து அவ்வழியே போகும். தொட்டியில் மிகுந்த சத்தை அள்ள ஒரு கை இருக்கிறது. கடலில் அள்ளுவார் யார்? அங்கே பாசி மிஞ்சிப் பவளத்தை மூடினால், பவளத்தை நம்பி வாழும் மீனும், மீனை நம்பி வாழும் மீனவர் குடும்பமும் அல்லவா துன்புறும்? அளவறிந்து உரமிடுவதும் மண்ணைக் கரையவிடாமல் காப்பதும், நாம் பாராத அந்தக் கடலோர மக்களுக்கு நாம் செய்யும் உதவியாகும்.