டிக் கட்டளையும் .சிங்கப்பூர் டொமைனும்

டிக் என்பது இணையப் பெயர்களின் பதிவுகளை டெர்மினலில் இருந்தே கேட்டறிய உதவும் கட்டளைவரிக் கருவி. இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் முறைக்கான பைண்ட் என்னும் மென்பொருளோடு வருவது. லினக்ஸ், மேக் கணினிகளில் பரவலாகப் புழங்குகிறது. விண்டோசில் இந்த வேலைக்கு என்எஸ்லுக்கப் இருக்கிறது. பெயரையும் பதிவின் வகையையும் தட்டினால் விடை வரும். ஏ பதிவு ஐபி முகவரியைச் சொல்லும், எம்எக்ஸ் மின்னஞ்சலைப் பெறும் சர்வரைச் சொல்லும், என்எஸ் அந்தப் பெயருக்குப் பொறுப்பான சர்வர்களைக் காட்டும்.

தமிழில் எழுதிய பெயரையும் இப்படிக் கேட்கலாம். சிங்கப்பூரின் நாட்டு டொமைன்கள் மூன்று. 1988 முதல் இருப்பது .எஸ்ஜி. சீன எழுத்தில் ஒன்றும், தமிழில் .சிங்கப்பூர் என்பதும் 2011இல் இணையத்தின் வேர் மண்டலத்தில், அதாவது டொமைன்களின் உச்சநிலைப் பட்டியலில், சேர்ந்தன. மூன்றையும் நிர்வகிப்பது எஸ்ஜிநிக். மலாய் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் அதற்கு .எஸ்ஜியே பொருந்துகிறது.

தமிழில் டொமைன் பெயர் எழுதுவதற்கான விதை சிங்கப்பூரிலேயே விழுந்தது. நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளை 1995இல் இணையத்தில் ஏற்றிய முயற்சியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயோடு உழைத்தவர், தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்களை இயங்கவைக்கும் சோதனையை 1998இல் அதே பல்கலைக்கழகத்தில் நடத்தியதும் டான் டின் வீயின் குழுவே. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். வேர் மண்டலத்தில் தமிழ் ஏறியதை அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

டிஎன்எஸ் புழக்கத்தில் ரோமன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவையே செல்லும். ஆகவே தமிழ்ப் பெயர், 2003இல் வரையறுக்கப்பட்ட பனிகோட் முறையில் மாற்றப்படுகிறது. ‘சிங்கப்பூர்’ நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறியீடுகள். பனிகோடில் ‘எக்ஸ்என்’, இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கி மொத்தம் 22 குறிகள். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்கு 63 குறிகளே உச்சவரம்பு என்பதால், நீளமான தமிழ்ப் பெயர் வைப்போர் இதைக் கவனித்தாக வேண்டும்.

ஐடிஎன் எனப்படும் பன்மொழி டொமைன் வசதியோடு தொகுக்கப்பட்ட டிக், பனிகோட் மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். விடையைப் பனிகோடிலேயே பார்க்க ‘நோஐடிஎன்அவுட்’ என்ற தெரிவு உண்டு. தமிழருக்கு மிகவும் பயன்படுவது இதுதான். ரகரத்தின் மேல் புள்ளி வைத்தாலும், துணைக்காலின் மேல் புள்ளி வைத்தாலும் பல எழுத்துருக்களில் ‘ர்’ போலவே தெரியும். ‘ஔ’ ஒரே குறியீடு, ‘ஒள’ இரண்டு. கண் ஏமாறும் இந்த இடங்களில் பனிகோட் வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியொரு பெயரே இல்லையென்றால் ‘என்எக்ஸ்டொமைன்’ என்று விடை வரும். ‘நோஎரர்’ வந்தும் பதில் பகுதி காலியாக இருந்தால், பெயர் உண்டு, கேட்ட வகைப் பதிவு இல்லை என்று பொருள்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கடைப்பெயர்கள் தமிழில் மின்னினாலும், அவற்றின் இணைய முகவரிகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. தமிழ் முகவரிக்கு வேண்டிய அடித்தளம் ஆயத்தமாக இருந்தும் அது புழக்கத்துக்கு வராதது பெரிய குறை. டிக்குக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு சிங்கப்பூர் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு எஸ்ஜிநிக்கின் ஹூஇஸ் சேவையைத்தான் நாட வேண்டும்.