கடிதம் முதல் காணொலி வரை: மனத்துயருக்கு ஆலோசனை நாடிய வரலாறு



உறக்கமின்மை, காரணமறியா அச்சம், விடாது துரத்தும் வஸ்வாஸ், மாதக்கணக்கில் விலகாத துக்கம் ஆகியவற்றால் அவதியுறுவோர் நம் குடும்பங்களில் அநேகர். அவர்களை ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் தேர்ந்த மனநல ஆலோசகர் ஒருவரிடம் இணையவழிக் காணொலியில் பேசலாம் என்றால் இரு கேள்விகள் எழுகின்றன. ஈமான் உள்ளவருக்கு இது தேவையா? நேரில் காணாத ஒருவரிடம் மனத்தைத் திறப்பது முறையா? இவ்விரண்டிற்கும் நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முதற் கேள்விக்குத் திருக்குர்ஆனே பதில் தருகிறது. மகன் யூஸுஃபைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்று அது கூறுகிறது. ஒரு நபியின் துயரம் அவருடைய ஈமானின் குறைவாகக் கருதப்படவில்லை. துக்க வீட்டாருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சி சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் இதயத்திற்கு ஆறுதல் தந்து கவலையைச் சற்றே போக்கும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைப்பார்கள். துஆவோடு ஒரு கிண்ணக் கஞ்சியும் துக்கத்திற்கு மருந்தாகக் கொள்ளப்பட்டது.

இரண்டாம் கேள்விக்கு 9ஆம் நூற்றாண்டின் பக்தாதுக்குச் செல்வோம். மெய்யியல் அறிஞர் அல்கிந்தியிடம் அவருடைய தோழர் ஒருவர், துக்கத்தை விரட்டும் வழியைக் கேட்டார். அல்கிந்தி எழுத்து வடிவில் பதில் அளித்தார். அந்த நெடுங்கடிதம் இன்றும் கிடைக்கிறது. துக்கத்தின் காரணத்தை அறியாமல் அதற்கு மருந்து காண இயலாது என்று தொடங்கி, நேசித்ததை இழப்பதும் விரும்பியதை அடையாமற் போவதுமே அதன் வேர்கள் என்று விளக்குகிறார். இஸ்கந்தர் தம் தாய்க்கு எழுதியதாக ஒரு கடிதக் கதையையும் அதில் சேர்க்கிறார். தம் மரணத்திற்குப் பின் ஒரு விருந்து வைத்து, துன்பமே தீண்டாதவர்கள் மட்டும் வரட்டும் என அறிவிக்கச் சொல்கிறார் இஸ்கந்தர். விருந்துக்கு ஒருவரும் வரவில்லை. துயரத்தில் தாம் தனித்தவர் அல்லர் என்பதைத் தாய் உணர்ந்தார். ஆலோசனை எழுத்தின் வழியே சென்று சேர்வதை அக்காலத்தவர் குறையாகக் கருதவில்லை.

அல்கிந்தியின் மாணாக்கர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934). குராஸானின் பல்க் பகுதியைச் சேர்ந்த இவர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலை எழுதினார். உடல்கள், ஆன்மாக்கள் ஆகிய இரண்டின் நலன்கள் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் உடலை மட்டும் எழுதி உள்ளத்தை விட்டுவிடுகிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகிய நான்கிற்கும் தனித்தனி அத்தியாயம் வகுத்தார். துக்கத்தையும் இரண்டாகப் பிரித்தார்: இழப்பு போன்ற அறிந்த காரணத்தால் வருவது, காரணம் தெரியாமல் உடலின் கோளாற்றால் வருவது. பின்னதற்கு உடல் மருத்துவமும், முன்னதற்குச் சிந்தனையைச் சீர்செய்தலும் தேவை என்றார். தன் சிந்தனையோடு பிறர் ஆலோசனையும் வேண்டும் என்பது அவர் கருத்து. கலங்கிய உள்ளத்தின் தீர்ப்பில் அதன் உணர்ச்சியும் கலந்துவிடுகிறது அல்லவா? நூற்றாண்டுகளாக ஏட்டுப்படியாகக் கிடந்த இந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை, சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

இச்சிந்தனை ஏட்டோடு நிற்கவில்லை. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. அதன் செலவை வக்ஃபுச் சொத்துகள் ஏற்றன. மனநோயாளரைப் பேணுவது சமுதாயத்தின் பொறுப்பாக இருந்தது.

அந்த மரபை நாம் எவ்வளவு மறந்தோம் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் பலரால் தப்ப இயலவில்லை. அவர்களைக் கொண்டு வந்து விட்ட குடும்பங்கள் ஷிஃபா கிடைக்கும் என்று நம்பியே வந்தன. நம்பிக்கையில் குறையில்லை, நம்பிக்கையோடு கூடவே வந்திருக்க வேண்டிய மருத்துவம்தான் வரவில்லை. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நோயாளியின் இரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது.

தொலைவிலிருந்து செவிமடுக்கும் வழிகளும் படிப்படியாக வளர்ந்தன. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்க்க எண்ணுவோருக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். சென்னையில் 1986இல் சினேகா அமைப்பு உருவானது. 2020 மார்ச்சில் இந்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற கட்டணமில்லா டெலி மனஸ் எண் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

இணையவழி அமர்வு ஒன்று பெரும்பாலும் முக்கால் மணி நேரத்திற்குக் குறையாது. வாரம் ஒருமுறை நடப்பது வழக்கம். முதல் அமர்வில் ஆலோசகர் நிவாரணம் சொல்வதைவிடக் கேட்பதே அதிகம்: எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, வீட்டுச் சூழல் என்ன என்று வினவுவார். பின்னர் இருவருமாக ஓர் இலக்கை வகுத்து, வாரந்தோறும் சிறு பயிற்சிகளால் முன்னேறுவர். ஓரிரு அமர்வுகளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுதல் கூடாது. உள்ளூரில் பெண் ஆலோசகர் இல்லாத சகோதரிகளுக்கும், வளைகுடாவில் தனித்திருக்கும் சகோதரர்களுக்கும் இது திறந்திருக்கும் வாசல். கூட்டுக் குடும்பத்தில் அந்த முக்கால் மணி நேரத்திற்கு ஓர் அறையைத் தந்து, உள்ளே நடந்ததைத் துருவாமல் இருப்பது மற்றவர்கள் செய்யும் பேருதவி.

யாரிடம் செல்வது? மருத்துவத்தில் அறியப்படாதவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பதும், ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்பதும் நபிமொழிகள் தரும் அளவுகோல்கள். ஆகவே கல்வித் தகுதி, அனுபவம், பதிவு ஆகியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழுகை, நோன்பு, குடும்ப ஒழுக்கம் ஆகியவை உங்களுக்கு முக்கியம் என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள்.

திரைக்கு எல்லையும் உண்டு. தற்கொலை எண்ணம் முற்றியவருக்கும், இல்லாத குரல்களைக் கேட்பவருக்கும் அடுத்த வாரத்து அமர்வு போதாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஓதிப் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஓதிய கையோடு தேர்ந்தவரையும் நாடுங்கள். பக்தாதில் எழுதப்பட்ட கடிதத்திற்கும் இன்றைய காணொலிக்கும் கருவிதான் வேறு. வல்ல அல்லாஹ் நோயுற்ற உள்ளங்கள் அனைத்திற்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.