வண்ணத்துப்பூச்சியை எண்ணி நடந்தவர்கள்

எருக்கஞ்செடியைச் சுற்றி ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 'வெந்தய வரியன்'. அதன் பின்சிறகின் நடுவே மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். அதே நிறமும் அதே கருப்பு ஓரமும் கொண்ட இன்னொன்றின் பின்சிறகில் ஒரே ஒரு புள்ளிதான் காணப்படும். அது முற்றிலும் வேறு இனத்தின் பெண். வெந்தய வரியனைப் பறவைகள் தின்ன விரும்புவதில்லை. ஆகவே அதன் வேடத்தை இது தாங்கியிருக்கிறது. புள்ளிகளை எண்ணாதவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வார்.

'ஒன்றென்று கொண்டால்தான் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். வண்ணத்துப்பூச்சிகளை இனங்காணும் பழக்கம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பதிவாகியுள்ள இங்கிலாந்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

பைத்தியக்காரர் வேலையா?

லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வணிகர் இருந்தார். பல நாடுகளிலிருந்தும் செடிகளையும் பூச்சிகளையும் வரவழைத்துச் சேர்த்தவர் இவர். சென்னைக் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் அனுப்பிய செடிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிகளைப் படங்களுடன் விளக்கும் நூலை 1717-இல் வெளியிட்டார்.

அவருக்குப் பூச்சிகளை அனுப்பி உதவியவர்களுள் எலினார் கிளான்வில் அம்மையாரும் ஒருவர். இவர் கண்டெடுத்த ஓர் இனம் இன்றும் 'கிளான்வில்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் 1709-இல் இவர் இறந்தபின் உறவினர் இவரது உயிலை எதிர்த்து வழக்காடினர். அறிவு பேதலித்தவரைத் தவிர வேறு யார் வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு திரிவார் என்பது அவர்கள் வாதம் என்று, 1766-இல் வெளிவந்த தம் நூலில் மோசஸ் ஹாரிஸ் குறிப்பிடுகிறார்.

இதற்கிடையே 1758-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் விலங்குகளுக்கு இருசொற்பெயர் இடும் முறையை வகுத்தார். ஒரே பூச்சியை ஊருக்கொரு பெயரால் அழைத்த குழப்பம் குறையத் தொடங்கியது. எனினும் அந்நாளில் ஒரு பூச்சியை அறிவதென்றால் வலையில் பிடித்து, கொன்று, ஊசியில் குத்தி வைப்பதாகவே இருந்தது.

வலைக்குப் பதில் குறிப்பேடு

1970-களில் எர்னஸ்ட் பொல்லார்ட் என்ற ஆய்வாளர் எளியதொரு முறையை வகுத்தார். ஒரே பாதையில் வாரம் ஒருமுறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, சீரான நடையில் செல்ல வேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். இந்த எல்லைக்குள் தென்படுபவற்றை மட்டும் இனவாரியாக எண்ண வேண்டும். குளிரிலும் மழையிலும் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதில்லை. எனவே வெயிலும் வெப்பமும் போதுமான நாளாக இருத்தல் அவசியம்.

1976-இல் இம்முறை பிரிட்டன் முழுவதற்குமான கணக்கெடுப்பாக மலர்ந்தது. சம்பளம் வாங்காத ஆர்வலர்களே பெரும்பாலும் நடந்து எண்ணினர். எந்த இனம் எங்கே குறைகிறது என்பது ஆண்டுதோறும் எண்களாகத் தெரியலாயிற்று. இந்தியாவிலும் ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாளுகின்றனர்.

எறும்பு சொன்ன உண்மை

இனம் பிரித்தறிவதன் அருமையை 'லார்ஜ் புளூ' என்னும் நீல வண்ணத்துப்பூச்சி உணர்த்தியது. அது பிரிட்டனில் அருகிவந்தது. சேகரிப்போரே காரணம் என்று எண்ணி, அது வாழ்ந்த இடத்தில் வேலி போட்டனர். ஆடுமாடுகளும் உள்ளே வரவில்லை. பூச்சிகள் மேலும் குறைந்தன.

1972-இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் அதன் வாழ்க்கையைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார். அதன் புழு முதல் சில வாரங்கள் தைம் என்ற நறுமணச் செடியின் பூக்களைத் தின்கிறது. பிறகு தரையில் விழுகிறது. சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சென்று நம்பிக் கூட்டுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே ஏறக்குறைய பத்து மாதங்கள் எறும்பின் குஞ்சுகளையே தின்று புழு வளர்கிறது.

சிவப்பு எறும்பு எதுவானாலும் போதும் என்று அதுவரை கருதியிருந்தனர். அங்குதான் தவறு நேர்ந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் எறும்புகளில் 'மிர்மிகா சபுலேட்டி' என்ற ஒன்றின் கூட்டில்தான் புழு செழிக்கிறது என்று தாமஸ் கண்டறிந்தார். அந்த எறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல்தரை வேண்டும். 1950-களில் நோய் கண்டு முயல்கள் மடிந்தன. கால்நடை மேய்ச்சலும் நின்றது. புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, அந்த எறும்பின் இடத்தை வேறோர் எறும்பு பிடித்துக்கொண்டது.

விடை கிடைத்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1979-இல் அந்த வண்ணத்துப்பூச்சி பிரிட்டனிலிருந்து முற்றிலும் மறைந்தது. பின்னர் மேய்ச்சலை மீட்டு, புல்லைக் குட்டையாக்கி, 1983-இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்டனர். இன்று அது மீண்டும் அங்கே பறக்கிறது.

நீங்களும் தொடங்கலாம்

உங்கள் ஊரில் ஒரு வரப்பையோ ஏரிக்கரையையோ தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய பின் நடந்து பாருங்கள். பூச்சியைப் பிடிக்க வேண்டாம். அது சிறகை விரித்து அமர்கிறதா, மூடி அமர்கிறதா, எந்தச் செடியில் முட்டையிடுகிறது, சிறகில் எத்தனை புள்ளிகள் என்பவற்றை நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் பின்னாளில் பிறரையும் தவறான வழியில் இழுத்துச் செல்லும்.