மைலோமாவும் மஜ்ஜைக் குருதியோட்டமும்: எம்.ஆர்.ஐ. மதிப்பீடு

மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றுநோய். எலும்பு அரிப்பு, இரத்தசோகை, சிறுநீரகப் பழுது, இரத்தத்தில் கால்சியம் ஏறுதல் ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள். இவை தலைகாட்டும் முன்பே, மஜ்ஜைக்குள் குருதி எவ்வளவு, எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படங்களால் கணிக்க முடியும்.

தொடக்க நிலையில் இரண்டு படிகள் உண்டு. மஜ்ஜையில் ஒரே மரபில் வந்த பிளாஸ்மா செல்கள் 10 விழுக்காட்டுக்கும், இரத்தத்தில் எம்-புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அது எம்.ஜி.யு.எஸ். எனப்படும் முதல் படி. இந்தப் படியில் இருப்பவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கே நோய் முற்றுகிறது. இந்த அளவுகளைத் தாண்டியும் அறிகுறி தோன்றாத அடுத்த படிக்கு, மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைலும் பிலிப் கிரைப்பும் 1980-இல் ஸ்மோல்டரிங் மைலோமா எனப் பெயரிட்டனர். நீறுபூத்த நெருப்பு என்று நாம் சொல்வதும் அதைத்தான். இங்கே முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காட்டினர் நோயாளிகளாகிறார்கள். அவர்கள் யார் என்பதை முன்கூட்டியே அறிவதற்குத்தான் குருதியோட்ட அளவீடு.

மைலோமா செல்கள் வி.ஈ.ஜி.எஃப். முதலிய பொருள்களைச் சுரந்து, தமக்கென்று புது நுண்குழாய்களை வளர்த்துக்கொள்கின்றன. இத்தாலியின் பாரி நகரில் ஏஞ்சலோ வாக்காவின் குழு 1994-இல் இதை மஜ்ஜைத் துண்டுகளில் காட்டியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து மேயோ கிளினிக்குக்குச் சென்ற எஸ். வின்சென்ட் ராஜ்குமாரும் உடன் பணியாற்றியோரும் 2002-இல் 400 நோயாளிகளின் மஜ்ஜையில் குழாய்களை எண்ணினார்கள். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் நலமாக இருப்பவர்களுக்கு 1.3 குழாய், எம்.ஜி.யு.எஸ்.-இல் 3, நீறுபூத்த நிலையில் 4, புதிதாகக் கண்டறிந்த மைலோமாவில் 11, திரும்பி வந்த மைலோமாவில் 20. நான்கிலிருந்து பதினொன்றுக்குத் தாவும் அந்த இடைவெளிதான் இத்துறையில் மிக முக்கியமானது என்பேன். தாலிடோமைடு என்ற மருந்து இந்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் என்ற எண்ணத்தில்தான் அது மைலோமாவுக்குத் தரப்பட்டது. 1999-இல் சீமா சிங்கால் முதலானோர் வெளியிட்ட அர்க்கன்சா ஆய்வில் 84 பேரில் 32 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது.

பயாப்சி ஊசி இடுப்பெலும்பில் ஓரிடத்தை மட்டுமே தொடும். எம்.ஆர்.ஐ. முதுகெலும்பை முழு நீளத்தில் பார்க்கும். கையின் இரத்தக்குழாயில் காடோலினியம் என்னும் ஒளிரூட்டும் மருந்தை ஏற்றி, சில விநாடிக்கு ஒரு படமாகச் சில நிமிடங்கள் தொடர்ந்து எடுப்பார்கள். நலமான மஜ்ஜை மெல்ல ஒளிர்ந்து மெல்ல மங்கும். நோயுற்ற மஜ்ஜையில் புதுக் குழாய்களின் சுவர் கசிவுள்ளது. ஆகவே ஒளி சட்டென ஏறிச் சட்டென இறங்கும். இந்த வளைகோட்டின் உயரத்தையும், மருந்து குழாய்க்கும் திசுவுக்கும் இடையே மாறும் வேகத்தையும் கணக்கிடுகிறார்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் யென்ஸ் ஹில்லன்காஸ் குழு, அறிகுறியற்றவர்களிலேயே ஒரு பகுதியினருக்கு இத்தகைய பாய்ச்சல் இருப்பதை 2009-இல் காட்டியது. ஆனாலும் நோயறியும் விதிகளில் இடம்பிடித்தது குருதியோட்டமல்ல, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் புள்ளிகள். அதே குழு 149 பேரிடம் நடத்திய 2010 ஆய்வு அதற்கு வழிவகுத்தது. ராஜ்குமார் முதலாசிரியராக இருந்த 2014-ஆம் ஆண்டின் பன்னாட்டு வரையறைப்படி, 5 மில்லிமீட்டருக்குக் குறையாத புள்ளிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அது சிகிச்சைக்குரிய மைலோமாதான்.

குருதியோட்டம் பின்தங்கியதற்குக் காரணங்கள் உண்டு. வயது ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பு கூடி ஓட்டம் குறையும். வெள்ளணு பெருக்கும் ஊசிகள் ஓட்டத்தைக் கூட்டும். கருவிக்குக் கருவி எண்கள் மாறும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்குக் காடோலினியம் தருவதில் எச்சரிக்கை தேவை. மைலோமாவோ சிறுநீரகத்தையே தாக்கும் நோய். டெனி லெ பியான் 1986-இல் முன்வைத்த, ஊசி மருந்தின்றி நீர் மூலக்கூறுகளின் அசைவிலிருந்து குருதியின் பங்கைப் பிரித்தறியும் முறை இங்கே நல்ல மாற்று.

யாரைக் காத்திருக்கச் சொல்வது, யாருக்கு மருந்து கொடுப்பது என்ற கேள்வி இப்போது கூர்மையாகியுள்ளது. 2024-இல் வெளியான அக்விலா ஆய்வில், ஆபத்து மிகுந்த நீறுபூத்த நிலையினர் 390 பேர் கலந்துகொண்டனர். டராடுமுமாப் மருந்து பெற்றவர்களில் 63.1 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 40.8 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுவரை நோய் முற்றாமல் இருந்தனர்.

மேலை நாடுகளில் அறுபதைத் தாண்டியே பெரும்பாலும் காணும் இந்த நோய், இந்தியாவில் ஐம்பதுகளிலேயே பலரைப் பிடிக்கிறது. முதுகு வலியை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. எலும்புக் காசநோய் என்ற குழப்பமும் நேர்வதுண்டு. அந்த வலிக்காக எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே, டி1 என்னும் வகைப் படத்தில் முதுகெலும்பு மஜ்ஜை பக்கத்து வட்டைவிடக் கறுத்துத் தெரிந்தால், இரத்தத்தில் புரத எலக்ட்ரோபோரெசிஸும் ஃப்ரீ லைட் செயின் சோதனையும் செய்து பார்க்க வேண்டும்.