குவாங்சோ மெட்ரோவின் டோக்கன்

சீனாவின் குவாங்சோ தெற்கு நிலையத்தில் அதிவேக ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் ஊருக்குப் புதியவர்கள் ஏராளம். அந்நகரத்துப் பயண அட்டை அவர்களிடம் இருக்காது. அவர்களுக்காகத்தான் டோக்கன். இயந்திரத் திரையில் இறங்கவேண்டிய நிலையத்தைத் தொட்டு, பணத்தைப் போட்டால், நாணய வடிவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை வந்து விழும். முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான். 4 முதல் 12 கிலோமீட்டர் வரை, ஒவ்வொரு 4 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். அதன்பின் இந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், 24-ஐத் தாண்டினால் 8 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் கூடும். தொலைவில் குடியிருப்பவர்களை நினைத்துப் போட்ட கணக்கு; நல்ல கணக்கு.

வில்லைக்குள் சிறு சில்லு உண்டு, பேட்டரி கிடையாது. நுழைவாயிலில் காட்டும்போது அங்குள்ள கருவி எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது. எந்த நிலையத்தில் ஏறினோம் என்பது அக்கணமே பதிவாகிவிடும்.

தெற்கு நிலையத்திலிருந்து 2ஆம் தடத்தில் வடக்கே, முத்து ஆற்றுக்கு அடியில் புகுந்து, கோங்யுவான்சியன் வரை பயணம். வண்டிக்குள் அறிவிப்புகள் மண்டாரின், கான்டனீஸ், ஆங்கிலத்தில் வரும். ஊர்க்காரர்கள் வீட்டில் பேசும் கான்டனீஸை விட்டுவிடாதது மனதுக்கு இதமாக இருக்கிறது. அடுத்து 1ஆம் தடத்தில் தியூ சிலு. 3ஆம் தடமும் வந்து சேரும் இந்த நிலையத்தில் அலுவலக நேரத்தில் நெரிசல் தாங்காது. 2010 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பொதுப் போக்குவரத்தையே இலவசமாக்கினார்கள். கூட்டம் பொங்கியதில் ஒரே வாரத்தில் அதைக் கைவிட்டு, குடும்பத்துக்கு 150 யுவான் ரொக்கம் தர முடிவெடுத்தார்கள்.

வெளியேறும்போது வில்லையைத் துளையில் போட்டுவிட வேண்டும். கட்டணம் போதாவிட்டால் கதவு திறக்காது. சேவை மையத்தில் மீதியைக் கட்டவேண்டும். விழுங்கப்பட்ட வில்லை மறுபடி விற்பனைக்குப் போகிறது. காலையில் குடியிருப்புப் பகுதிகளில் வாங்கியவை அலுவலகப் பகுதிகளில் குவிந்துவிடும் என்பதால், நிலையங்களுக்கிடையே அவற்றைப் பகிர்ந்து வைப்பதும் ஒரு வேலை.

இப்போது பெரும்பாலானோர் கைப்பேசியின் கியூஆர் குறியீட்டைக் காட்டியே போகிறார்கள். ஆனாலும் டோக்கன் இயந்திரங்களை அகற்றிவிடக் கூடாது என்பேன். கைப்பேசியில் பணம் செலுத்தப் பழகாத முதியவரும், சீன வங்கிக் கணக்கு இல்லாத வெளிநாட்டவரும், சில்லறை மட்டுமே கையில் உள்ளவரும் யாரையும் கேட்காமல் ஊரைச் சுற்றிவர அது எளிய வழி.